துணியும் தோழமையும்: செய்யாற்றிலிருந்து சென்னையின் ஓவியக் கூடங்களுக்கு

ஓவியம் பார்க்கப் போன தமிழர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று பரிபாடலின் 19ஆம் பாடல். திருப்பரங்குன்றத்து முருகனை நப்பண்ணனார் பாடியது. மதுரையிலிருந்து மக்கள் திரளாகக் குன்றத்துக்கு வருகிறார்கள். அங்கே சித்திரங்கள் தீட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது. சிலர் கோள்களின் நிலையைக் காட்டும் படத்தைப் பார்க்கிறார்கள். வேறொரு படத்தைக் காட்டி இவர்கள் யார் என்று பெண்கள் கேட்க, இவள் இரதி, இவன் காமன் என்று உடன் வந்தவர்கள் விடை சொல்கிறார்கள். இன்னும் சிலர் பூனை வடிவெடுத்த இந்திரனையும் அகலிகையையும் சினம் கொண்ட கௌதமனையும் சுட்டிக்காட்டி, அவள் கல்லான கதையை விளக்குகிறார்கள்.

அந்த மண்டபத்தில் கேட்பவர் உண்டு, சொல்பவர் உண்டு. தெரியாததைக் கேட்க யாருக்கும் கூச்சமில்லை. தெரிந்ததைச் சொல்வதில் செருக்கும் இல்லை. படம் பார்ப்பதும் உடன் வந்தவரோடு பேசுவதும் அங்கே ஒரே செயலாக நடக்கின்றன.

இன்று நிலைமை வேறு. திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றிலோ ஆரணியிலோ நவீன ஓவியம் என்று பேச்செடுத்தால், "நமக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்பதுதான் முதலில் வரும் பதில். மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் தியாகராய நகர்க் கடைகளுக்கும் சென்னைக்குப் போய்வருகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வாய்பிளந்து பார்ப்பார்கள். அதே வளாகத்தில் இருக்கும் தற்கால ஓவியக் கூடத்தை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாதது. சென்னையின் நவீன ஓவியத்தைத் தாங்கி வளர்த்தவை இரண்டு. ஒன்று நண்பர்களின் ஒற்றுமை. மற்றொன்று துணி. ஆகவே, நெசவுக்குப் பேர்போன ஒரு வட்டாரத்திலிருந்து நாலு நண்பர்கள் கிளம்பிப் போய் அந்தக் கூடங்களுக்குள் நுழைந்தால், அவர்கள் விருந்தாளிகள் அல்லர், உறவுக்காரர்கள். இதை நிறுவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

செய்யாற்றுப் பக்கத்துச் சித்திரங்கள்

செய்யாறு சித்திரத்துக்கு அந்நியமான ஊர் அல்ல. காஞ்சிபுரம் போகும் வழியில், தூசியை அடுத்து மாமண்டூர் இருக்கிறது. பழைய செய்யாறு வட்டத்திலிருந்து பிரிந்த வெம்பாக்கம் வட்டத்து ஊர் அது. அங்குள்ள குடைவரைகளில் ஒன்றில் முதலாம் மகேந்திரவர்மனின் சமஸ்கிருதக் கல்வெட்டு உள்ளது. அவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகத்தின் பெயர் அதில் வருகிறது. நாடகமும் இசையும் ஓவியமும் அறிந்த அந்தப் பல்லவனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. சிதைந்த அந்தக் கல்வெட்டில் தென்னாட்டு ஓவிய முறை பற்றிய 'தட்சிணசித்திரம்' என்ற நூலின் குறிப்பு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட 'தட்சிணசித்ரா' அருங்காட்சியகத்தின் பெயர் இந்த மரபை நினைவூட்டுவது. அதாவது, செய்யாற்றுக்காரர் வார இறுதியில் வண்டி பிடித்துப் பார்க்கப் போகும் அருங்காட்சியகத்தின் பெயருக்கு, அவர் ஊர்ப் பக்கத்து மலைக்குகையோடு தொடர்பு இருக்கிறது.

குகையிலிருந்து இன்னும் சிறிது தூரத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயில். அதன் திருச்சுற்றிலுள்ள சிறு சன்னதிகளில் சுண்ணாம்புப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் ஜூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தார். ஆரணிக்கு அந்தப் பக்கம், போளூர் வட்டத்துத் திருமலையில் சமணர்களின் சுவரோவியங்கள் இருக்கின்றன. செய்யாற்றை இடையில் வைத்துப் பார்த்தால், வடக்கிலும் தென்மேற்கிலும் ஓவியம்தான்.

இந்த மரபு நடுவில் அறுந்து, நகரத்தில் வேறு உருவில் மீண்டும் தொடங்கியது. அது தொடங்கிய விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எழும்பூரில் ஒரு பள்ளி

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. தச்சு, உலோகம், மண்பாண்டம், துணி அச்சு என்று கைவினைத் தொழில்களுக்கு ஆள் பழக்குவதே நெடுங்காலம் அதன் வேலை. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் ஓவியமும் சிற்பமும் தனிக் கலைகளாக அங்கே தலையெடுத்தன. மெரினாவில் பாறையைப் பெயர்த்துத் தள்ளும் நான்கு தொழிலாளர்களின் சிலையைச் செய்தவர் அவர்தான். 1959இல் நிறுவப்பட்ட அந்த உழைப்பாளர் சிலையைப் பார்க்காமல் கடற்கரைக்குப் போய்வந்த செய்யாற்றுக்காரர் இருக்க முடியாது. நவீன சிற்பம் புரியாது என்பவர்கள் அனைவரும் ஏற்கெனவே ஒரு நவீன சிற்பத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களே.

ராய் சௌத்ரியிடம் படித்தவர்களில் இருவர் பின்னாளில் தங்கள் மாணவர்களுக்கு ஆசிரியர்களாக மட்டும் இருந்துவிடவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு, தம் 25ஆம் வயதில் மாணவராகப் பள்ளியில் சேர்ந்தவர். 1944இல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957 முதல் 1967 வரை பள்ளியின் முதல்வராக இருந்தார். மற்றவர் சிற்பி எஸ். தனபால் (1919–2000). கிராமங்களிலிருந்து கையில் ஓவியக் கட்டோடு வந்து நின்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதோடு, தங்க இடமும் வழிச்செலவும் பார்த்துக்கொண்டவர் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றுவரை நன்றியோடு சொல்கிறார்கள். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரிலிருந்து வந்த கே.எம். ஆதிமூலம் (1938–2008) பள்ளியில் சேர்ந்தது தனபாலின் துணையால்தான்.

நம் மாவட்டத்திலிருந்தும் ஒருவர் அங்கே போனார். 1932இல் திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் அந்தப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் உயர்ந்தார். கோட்டைக் கையாள்வதில் அவருக்கு நிகர் சிலரே. அவர் படங்களில் கோடு உருவத்துக்கு வேலி போடுவதில்லை. உருவத்துக்குள் நுழைந்து, வெளியேறி, திரும்பி வருகிறது. பெண்ணுருவமும் மரமும் பறவையும் ஒரே வீச்சில் பிறக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? பாடப்புத்தகத்தில் ரவிவர்மாவைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்குப் பக்கத்து ஊர்ச் சந்தானராஜைத் தெரியாமல் போவது பெரிய இழப்பு.

துணி விற்று வாங்கிய மண்

1960களின் தொடக்கத்தில் பணிக்கரின் மாணவர்கள் முன்னால் ஒரே கேள்வி நின்றது. படித்து முடித்த பிறகு சோற்றுக்கு என்ன வழி? ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவார் அப்போது சென்னையில் அரிது. பட்டம் பெற்றவர்கள் விளம்பர நிறுவனங்களிலோ பள்ளிக்கூடங்களிலோ வேலைக்குப் போய், சில ஆண்டுகளில் தூரிகையை மறந்துவிடுவார்கள்.

பணிக்கரும் மாணவர்களும் கூடிப் பேசிக் கண்ட வழி கைவினை. ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மாலை நேரங்களில் பாத்திக் துணிகளும் தோல், உலோக, மண் பொருள்களும் செய்தார்கள். பாத்திக் என்பது உருக்கிய மெழுகால் துணியில் சித்திரம் எழுதிச் சாயத்தில் முக்குவது. மெழுகு பிடித்த இடத்தில் நிறம் ஏறாது. காய்ந்த மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே மட்டும் சாயம் கசிந்து மெல்லிய கோடுகளை உண்டாக்கும். பிறகு மெழுகை நீக்கிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவார்கள். ஓவியக் கல்வி பெற்ற கைகள் எழுதிய அந்தத் துணிகள் நன்றாக விற்றன. வந்த பணத்தில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்தார்கள்.

அந்தப் பொதுப் பணத்தில்தான் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சவுக்கும் மணலுமாகக் கிடந்த சுமார் 10 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்கெடுத்தார்கள். ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், பி.எஸ். நந்தன், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் என்று பின்னாளில் நாடறிந்த பலர் அங்கிருந்து எழுந்தவர்கள். பகலில் ஓவியம், சிற்பம். பிழைப்புக்குக் கைவினை. கவிதை வாசிப்புக்கும் நாடகத்துக்கும் ஒரு திறந்தவெளி அரங்கம். சொந்தக் காலில் நின்ற ஓவியர் குடியிருப்பாக அரை நூற்றாண்டைக் கடந்து அது நிலைத்திருக்கிறது. 2009இல் அங்கே தற்காலக் கலைக்கான ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தின் முக்கியப் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் அங்கே பார்க்கலாம்.

உலகில் ஓவியர்கள் கூடி வாழ்ந்த ஊர்கள் வேறும் உண்டு. பிரான்சில் பார்பிசோனும் ஜெர்மனியில் வோர்ப்ஸ்வேடேயும் புகழ்பெற்றவை. அங்கெல்லாம் ஓவியர்கள் ஏற்கெனவே இருந்த கிராமங்களுக்குப் போய்த் தங்கினார்கள். சோழமண்டலத்தில் நண்பர்கள் தங்கள் கையால் துணிக்குச் சாயமேற்றி, விற்று, மண் வாங்கி, ஊரையே உண்டாக்கினார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்திய நவீனக் கலை வரலாற்றில் இதற்கு இணையான தோழமைச் செயல் வேறில்லை.

தோழமையால் முடிந்ததும் முடியாததும்

சோழமண்டலத்தின் நட்புக்கு ஒரு சோதனையும் இருந்தது. கே. ராமானுஜம் சிறு வயதிலிருந்தே பேச்சும் பழக்கமும் இயல்பாக வராமல் துன்பப்பட்டவர். உலகம் ஒதுக்கிவைத்த அந்த இளைஞரின் கையில் இருந்த அற்புதத்தைப் பணிக்கர் கண்டுகொண்டார். சோழமண்டலத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

அவருடைய மைக்கோட்டுப் படம் ஒன்றின் முன்னால் சற்று நேரம் நிற்க வேண்டும். முதலில் தெரிவது கருமை. பிறகு அந்தக் கருமை முழுதும் நெருக்கமாக இழைத்த பேனாக் கோடுகள் என்று புலப்படும். கோபுரமும் மாளிகையும் கலந்த கட்டடங்கள், நெளியும் நாகங்கள், இறக்கை முளைத்த பெண்கள், அவர்கள் நடுவே தொப்பி அணிந்த ஒரு சிறு மனிதன். அந்த மனிதன் ராமானுஜமேதான். வெளியே கிடைக்காத மரியாதையும் அன்பும் படத்துக்குள் அவனுக்குக் கிடைக்கின்றன. தேவதைகள் அவனைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.

1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பர்கள் இடம் கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள், அவர் கலையை மதித்தார்கள். மனநோய்க்கு மருத்துவமும் சமூகத்தின் புரிதலும் போதிய அளவு இல்லாத காலத்தில் அது மட்டும் போதவில்லை. நட்பைப் போற்றும் கட்டுரை இதை மறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த நண்பர்கள் இல்லாவிட்டால் இன்று நாம் பார்த்து வியக்கும் அந்தப் படங்கள் பிறந்திருக்கவும் மாட்டா, பிழைத்திருக்கவும் மாட்டா.

தறிக்கு வந்த ஓவியர்கள்

துணிக்கும் நவீன ஓவியத்துக்கும் இருந்த உறவு பாத்திக்கோடு முடியவில்லை. 1950களின் நடுவில், புபுல் ஜெயகரின் முயற்சியால், கைத்தறித் துறையில் நெசவாளர் சேவை மையங்கள் உருவாயின. புதிய வடிவங்களை வரைந்து நெசவாளருக்குக் கொடுக்க அந்த மையங்களுக்கு ஓவியர்கள் தேவைப்பட்டார்கள். ஓவியர்களுக்கோ மாதச் சம்பளம் தேவைப்பட்டது. சென்னைப் பள்ளியில் படித்த பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். எம். ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம், வீர சந்தானம் (1947–2017) ஆகிய மூவரும் நெசவாளர் சேவை மையங்களில் பணியாற்றியவர்கள். காஞ்சிபுரத்திலும் அத்தகைய மையம் உண்டு.

ஒரு வடிவம் தாளிலிருந்து சேலைக்குப் போகும் பாதை பட்டு நெசவு ஊர்களில் அனைவருக்கும் தெரியும். படத்தைக் கட்டம் போட்ட தாளில் பெயர்த்து எழுத வேண்டும். கட்டத்துக்கு ஏற்ப அட்டையில் துளை குத்த வேண்டும். ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஏறினால், எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை அந்தத் துளைகள் முடிவு செய்யும். வளைவான கோடு ஒன்றைச் சதுரக் கட்டங்களால் எழுதிக் காட்டும் இந்த வேலையை நாள்தோறும் செய்த ஓவியரின் கைக்கு அதன் பாதிப்பு இல்லாமல் போகாது.

நிறத்திலும் இந்த உறவைக் காணலாம். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓட்டினால், துணி அசையும்போது மூன்றாவதாக ஒரு நிறம் தோன்றும். நீலமும் பச்சையும் சேர்ந்து மயில்கழுத்து ஆவது அப்படித்தான். எந்த நிறத்துக்கு எந்த நிறம் எடுக்கும், எது அமுங்கும், எது தூக்கலாகத் தெரியும் என்பதை ஆரணி நெசவாளர் தறியில் உட்கார்ந்த சில ஆண்டுகளில் கற்றுவிடுகிறார். ஆதிமூலத்தின் பிற்கால அரூப ஓவியங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். எண்ணெய் வண்ணம் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருக்கும். மேலே ஒரு நிறம், அதன் விளிம்பில் கீழிருந்து எட்டிப்பார்க்கும் இன்னொன்று, இரண்டும் உரசும் இடத்தில் மூன்றாவது. அந்தப் படத்தில் மரம் எங்கே, மனிதர் எங்கே என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. நல்ல சேலையின் உடலையும் கரையையும் பார்ப்பதுபோல் பார்த்தால் எல்லாம் விளங்கும். இரண்டு சேலையை விரித்துப் போட்டு நிறப்பொருத்தம் பேசத் தெரிந்த ஒருவர் அரூப ஓவியம் புரியாது என்று சொல்வது தம்மைத் தாமே குறைத்துக்கொள்வது. கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது. வேண்டியது துணிச்சல்.

புரிசைக்கு வந்த எழுத்தாளர்

சென்னையின் ஓவியர்கள் ஓவியர்களோடு மட்டும் பழகவில்லை. ஆதிமூலத்தின் நண்பர்களில் ந. முத்துசாமி, ஞானக்கூத்தன், சா. கந்தசாமி போன்ற எழுத்தாளர்கள் பலர். சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் அட்டை வரைந்தார். தலைப்பெழுத்துகளுக்குப் புது வடிவம் கொடுத்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடராக வந்தபோது அவருடைய கோட்டோவியங்களும் சேர்ந்தே வந்தன. நவீன ஓவியம் தமிழ்நாட்டுக் கிராமத்து வாசகரின் திண்ணைக்கு முதலில் வந்து சேர்ந்தது கலைக்கூடத்தின் வழியாக அல்ல, இந்த நட்பின் வழியாகத்தான். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பலர் நினைவில் நிற்பவை.

இந்த நண்பர் குழாமின் பாதை செய்யாற்றுக்கும் வருகிறது. எழுபதுகளின் நடுவில் முத்துசாமி புரிசை நடேச தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்தார். நவீன நாடகம் எழுதிக்கொண்டிருந்தவருக்கு அது பெரும் திருப்பம். கூத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். செய்யாற்றை அடுத்த புரிசையின் கண்ணப்ப தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்களுக்கு ஆசிரியரானார். எழுத்தாளரும் கூத்துக் கலைஞரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்ட அந்த நட்பால் தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. நகரத்துக் கலைஞர்கள் நம் ஊரைத் தேடி வந்து, தரையில் உட்கார்ந்து, விடியவிடியக் கூத்துப் பார்த்துக் கற்றார்கள். அவர்களுக்கும் முதல் இரவிலேயே எல்லாம் புரிந்திருக்காது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். அதே உரிமையோடு நாம் அவர்கள் கூடங்களுக்குப் போகலாம்.

சேர்ந்து பார்ப்பதன் பயன்

தனியாகப் பார்ப்பதற்கும் சேர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அளந்தவர்கள் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் இருவரும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால் பார்வையாளர் நின்ற நேரம் சராசரியாக 27.2 நொடி என்று தெரியவந்தது. பாதிப் பேர் 17 நொடிக்கு மேல் நிற்கவில்லை. ஆணா பெண்ணா, வயது என்ன என்பதால் இந்த நேரம் மாறவில்லை. கூட எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. குழு பெரிதானால் நிற்கும் நேரமும் கூடியது. காரணம் ஊகிக்கக் கூடியதே. ஒருவர் நகர நினைக்கும்போது இன்னொருவர் எதையோ சுட்டிக்காட்டுகிறார்.

யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட சோதனை வேறொன்றைக் காட்டியது. ஒரே நேரத்தில் இன்னொருவரும் அதையே சுவைக்கிறார் என்று தெரிந்தால், ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், இனிய சாக்லேட் கூடுதலாக இனித்தது. கசப்பானது கூடுதலாகக் கசந்தது. பகிர்ந்துகொள்வது நம் உணர்வைக் கூர்மையாக்குகிறது. ஓவியக் கூடத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். நண்பரோடு பார்க்கும்போது பிடித்த படம் மேலும் பிடிக்கிறது. பிடிக்காத படம் ஏன் பிடிக்கவில்லை என்று பேச்சு வளர்கிறது. அந்தப் பேச்சில் நண்பரின் இதுவரை தெரியாத முகம் ஒன்று தெரிகிறது. பல ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் இருப்பவர்கள் சம்பளம், இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைத் தாண்டாமலே ஓய்வு பெற்றுவிடுவதுண்டு. ராமானுஜத்தின் தொப்பிக்காரன் முன்னால் நிற்கும்போது அவர்களில் ஒருவர் தம் தனிமையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

நட்புக்கு நேரமும் வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நல்ல நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் கழியும் நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை, விரும்பிக் கழிக்கும் ஓய்வு நேரமே உதவுகிறது என்றும் அவர் கண்டார். செய்யாற்றிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் ஒரு நாள், அந்தக் கணக்கில் கணிசமான பங்கு.

ஒரு நாள் எப்படி அமையலாம்

செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் சென்னை ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இந்த இரு நாள்களைத் தவிர்க்க வேண்டும். காலையில் எழும்பூர். 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளையும் தற்கால ஓவியக் கூடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது நல்லது. திருமேனியின் இடை வளைவைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்குச் சென்னை ஓவியர்களின் கோடு எங்கிருந்து வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். அங்கிருந்து கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் தொலைவில்லை. இளம் கலைஞர்களின் கண்காட்சிகள் அங்கே நடக்கும். பல நேரம் ஓவியரே பக்கத்தில் நிற்பார். கேட்டால் மகிழ்ச்சியோடு பேசுவார்.

பிற்பகல் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம். அங்கே பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும். 1963இல் தொடங்கிய வரிசை அது. மலையாள எழுத்துகள், எண்கள், கட்டங்கள், ஜாதகச் சக்கரம் போன்ற உருவங்கள், ஓரத்தில் ஒரு பறவையோ மீனோ. எழுத்தை வாசிக்க முயன்றால் பொருள் வராது. அதை வாசிக்க வேண்டியதில்லை. ஜாதகக் கட்டத்தையும் பழைய ஓலையையும் பார்த்தவுடன் நம் மனத்தில் எழும் மரியாதையும் மர்மமும் ஒரு படத்துக்குப் பொருளாக முடியும் என்பதைத்தான் பணிக்கர் கண்டுபிடித்தார். பொழுது இருந்தால் முட்டுக்காடு வரை போய், தட்சிணசித்ராவில் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுவியிருக்கும் காஞ்சிபுரம் பட்டு நெசவாளரின் வீட்டையும் பார்க்கலாம். திரும்பும்போது திருப்போரூர், செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் வந்துவிடலாம்.

எல்லாப் படத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களை அதன் முன்னால் அழைத்துவந்து, ஏன் பிடித்தது என்று சொன்னால் போதும். பரங்குன்றத்து மண்டபத்தில் நம் முன்னோர் செய்தது அதுதான்.

நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் வட்டாரத்துப் பள்ளிகளும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களை இந்தக் கூடங்களுக்கு அழைத்துப் போக வேண்டும். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வடிவமைப்பாளர்களையும் இளம் நெசவாளர்களையும் அனுப்பினால் அது தொழிலுக்கே பயன்படும். கலைக்கூடங்கள் தங்கள் விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து குழுவாக வருகிறவர்களோடு தமிழில் பேச ஓர் ஆளையும் வைக்க வேண்டும். சந்தானராஜ் பிறந்த திருவண்ணாமலை மாவட்டத்தில் அவர் பெயரில் ஓர் ஓவியக் கூடம் அமைய வேண்டும் என்ற கோரிக்கையையும் அரசின் முன் வைக்கிறேன்.

இவையெல்லாம் நடக்க நாளாகலாம். நண்பரை அழைக்க நாளாகாது. அடுத்த முறை சேலை வாங்கவோ கல்யாணத்துக்கோ சென்னைக்குப் போகும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்கி, நீண்ட நாளாகப் பேச நினைத்துப் பேசாமலிருக்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரே ஓர் ஓவியக் கூடத்துக்குப் போய்வாருங்கள். புரியாத படத்தின் முன்னால் நின்று, "இது என்ன?" என்று அவரிடம் கேளுங்கள்.